ஜமேதாரின் கத்தியும் என் மூன்றாம் ஓலையும்

போன மாதம் என் வீட்டுக்காரர் பிரகாசம் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஈஸ்டர்ன் ஷோர் லாட்ஜின் இருபத்தைந்து வருஷ வரலாறு. சாந்தோம் சாலையிலிருந்து மேற்கே திரும்பும் சந்தில், உயரமான மதில் வைத்த பங்களாவில், மாதம் ஒருமுறை பிரிமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் கூடுகிறார்களே, அந்த லாட்ஜ்தான். தலைவெட்டிக் கோயில் என்றால்தான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். சேரவருகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்களாம். குப்பத்துப் பிள்ளைகள் அந்தச் சந்தில் நடந்துபோய் நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான்.

புத்தகம் இங்கிலீஷில். முப்பத்திரண்டு பக்கம், வழவழ காகிதம். நின்றபடியே படித்து முடித்தேன். உட்கார்ந்து படிக்க எனக்கு வராது, அது எங்கள் குடும்ப வியாதி. 1911-ல் யார் யார் கூடி லாட்ஜை ஆரம்பித்தார்கள், எந்த ஜட்ஜ் எந்த வருஷம் தலைவர், யார் நாற்காலிகளை அன்பளிப்பாகத் தந்தார், எல்லாம் இருந்தது. புயலில் விழுந்த மாமரத்துக்கு நாலு வரி. கூட்ட மண்டபத்தைப் படம் பிடித்தே போட்டுவிட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட தரை, இரண்டு தூண், நடுமேசையில் பைபிள், குர்ஆன், கீதை. இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று என் அப்பா இருபது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கட்டிடத்தின் பின்கட்டில் இருபது வருஷம் குடியிருந்து, பெருக்கி, விளக்கேற்றி, கதவு திறந்து, கதவு பூட்டிய என் அப்பா பவுல்சாமிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. விழுந்த மாமரத்துக்கு இருந்த மதிப்புக்கூட இல்லை.

இருபத்தாறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘சகோதரர் ஜமேதார் கரீமுல்லா, 1917 முதல் 1931 வரை நமது வாயிற்காவலர். பதினான்கு ஆண்டுகளில் ஒரு கணமும் கதவை விட்டு விலகாதவர்.’

நான் பள்ளிக்கூட உபாத்தியாயினி. கையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா இருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘பொய்’ என்று எழுதினேன்.

“அச்சடிச்ச புஸ்தகத்தையா திருத்தறே? நீ இன்னா இன்ஸ்பெக்டரா?” என்றார் பிரகாசம்.

“ஆமா” என்றேன். “இவங்க எழுதாததையும் சேர்த்து நான் எழுதறேன்.”

எழுதுகிறேன்.

அப்பாவின் வீட்டார் நாலைந்து தலைமுறையாகச் சாந்தோமில் இருக்கும் கத்தோலிக்க வேதக்காரர்கள். அண்ணன் உபாத்தியாயர், தம்பி கோயிற்பிள்ளை, சித்தப்பா உபதேசியார். அப்பாவையும் உபாத்தியாயராக்கப் பார்த்தார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பாடம் சொல்லிக்கொண்டே வகுப்பை விட்டு வெளியே நடந்துவிடுவாராம். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளும் வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருப்பார்களாம். தலைமை உபாத்தியாயர் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே இரண்டு தரம் எழுந்துபோய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வருவார். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தால்தான் படுப்பார். என் அம்மா மர்சலின் இருந்தவரைக்கும் அதட்டி உட்காரவைப்பாளாம். எனக்கு ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரை உட்காரவைக்க ஆளில்லை.

லாட்ஜுக்கு அப்படி ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியவேண்டும், குடிக்கக்கூடாது, ஊர்வம்பு பேசக்கூடாது. காரியதரிசி சந்திரமௌலி மயிலாப்பூர் வக்கீல், வடக்கு மாடவீதிக்காரர். வேலை கொடுக்கும்போது அவர் சொன்னதை அப்பா அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவார். “சத்தியமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்டா பவுல்சாமி. உள்ள பார்க்கறத வெளியில சொல்றதில்லைண்டு வார்த்தை குடு. போறும்.”

அப்பா வார்த்தை கொடுத்தார். அப்புறம் ஓடிப்போய் அப்போதிருந்த பங்குச் சாமியாரைக் கேட்டார். பிரிமேசனில் சேருகிற வேதக்காரனைத் திருச்சபை தள்ளிவைத்துவிடும், அது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமியார் யோசித்துவிட்டு, “நீ சேரப்போறதில்ல, பெருக்கப்போறே. துடைப்பத்துக்குப் பாவம் கிடையாது, போ” என்று அனுப்பிவிட்டார்.

மீன்காரக் கங்கம்மாளுக்கு மட்டும் ஆவல் அடங்கவே இல்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து வருவாள். எங்கள் வீட்டுக்கும் சாமியார் வீட்டுக்கும் அவள்தான் மீன். கேட்டருகே கூடையை இறக்கும்போதெல்லாம் கேட்பாள்.

“ஐயா, உள்ள இன்னாதான் கீது?”

“மேசை, நாற்காலி.”

“மேசை நாக்காலிக்கா இம்மாம் பெரிய பூட்டு?”

அப்பா சிரித்துக்கொண்டே ஒரு நடை சுற்றிவரப் போய்விடுவார்.

கரீமுல்லா 1917-ல் வந்தார். பட்டாளத்தில் ஜமேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீர்சாகிப்பேட்டையில் வீடு, அமீனா பீ என்று மனைவி, பிள்ளைகள் இல்லை. பட்டாளத்துத் துரை ஒருத்தர் அவரை மேசனாகச் சேர்த்துவிட்டிருந்தார். லாட்ஜில் அவருக்கு வாயிற்காவல். கூட்டம் நடக்கும்போது மண்டபக் கதவுக்கு வெளியே, வராந்தாவில், உருவிய கத்தியோடு நிற்கவேண்டும். வெள்ளைக் கையுறை, இடுப்பில் நீலக்கரை போட்ட சின்ன ஏப்ரன், ஆறடி உயரம். கூட்டம் முடிகிறவரை கதவை விட்டு அசையக்கூடாது. அதுதான் அந்த வேலை. அசைந்தான் என்று தெரிந்தால் அடுத்த மாதம் வேறு ஆள்.

அவருக்கு அந்த வேலை எவ்வளவு பெரிது என்பதை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். ஜட்ஜு வண்டியை விட்டு இறங்கி, “குட் ஈவ்னிங், பிரதர் கரீமுல்லா” என்பார். ஜமேதாருடைய முகம் அப்படி மலரும். தெருவில் ஒரு மனுஷன் அவரைக் கண்டுகொள்ளமாட்டான். அந்த வராந்தாவில் மட்டும் அவர் ஜட்ஜுக்குச் சகோதரர்.

அவ்வளவுதான் ஆட்கள். இனி என் கல்யாணம்.

1931, ஜனவரி. எனக்கும் பிரகாசத்துக்கும் நிச்சயமாகியிருந்தது. பிரகாசம் அப்போதே வாத்தியார், கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். நானே பார்த்து, நானே பிடிவாதம் பிடித்து நிச்சயம் பண்ணிக்கொண்ட மாப்பிள்ளை, இதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவேண்டியது. மூன்று ஓலையும் வாசித்தால்தான் தாலி. சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணம் முடியவேண்டும், அப்புறம் தவசு காலம் வந்துவிடும், அதில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். “தவசு தாண்டி நான் காத்துக்கினு இருக்கமாட்டேன், செங்கல்பட்டுல என் தம்பி பொண்ணு இருக்கா” என்று பிரகாசத்தின் அம்மா கையை விரித்துச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிற மனுஷி.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் வேறு இரண்டு ஜோடியின் பெயரை வாசித்தார், காகிதத்தை மடித்தார், பீடத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு கோயில் முழுக்க என் முதுகைப் பார்த்தது. ஆர்மோனியத்தில் பிரகாசம் தப்பாக ஒரு கட்டையை அழுத்தினார்.

பழைய சாமியார் மாறிப்போய் இஞ்ஞாசி சாமியார் என்று புதிதாக வந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை. பூசை முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடவே போனேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், நான் நிற்கவில்லை.

“பவுல்சாமி, அந்த லாட்ஜுல கூட்டம் நடக்கும்போது நீ கத்தி பிடிச்சிக்கிட்டு காவல் நிக்கிறியாமே?”

“யார் சொன்னது சாமி?”

“மீன்காரம்மா. புகாரா சொல்லல, பெருமையாத்தான் சொன்னா. சமையல்காரன்கிட்ட பேசிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்துது. கேட்டேன். ஒரு வருஷமா, சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப கேட்டுவழியா மாசா மாசம் பாக்கிறாளாம். நின்னியா இல்லியா?”

“நின்னேன் சாமி.”

“எதுக்கு?”

அப்பா வாயைத் திறக்கவில்லை.

“நீ சேர்ந்தவனா?”

“இல்ல சாமி. சத்தியமா இல்ல.”

“சேராதவன் கையில கத்தியக் குடுத்து வாசல்ல நிக்கவைப்பாங்களா? என்னைப் பார்த்தா பைத்தியக்காரனாத் தெரியுதா?”

அப்பாவின் கால் மட்டும் தரையில் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தது. சாமியார் அடுத்த ஞாயிறுவரை கெடு கொடுத்தார். ஒன்று, கத்தி ஏன் கைக்கு வந்தது என்று சாட்சியோடு சொல்லவேண்டும். இல்லையென்றால், பீடத்துக் கிராதியண்டை முழந்தாளிட்டு, எரிகிற மெழுகுவத்தி கையில் பிடித்து, சபை முன்னால் பிரிமேசன் உறவை விட்டுவிட்டேன், இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் மூன்றாம் ஓலை. நடக்காவிட்டால் கல்யாணமும் இல்லை, அப்பாவுக்குப் பூசையில் நன்மை அப்பமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்கு நைனா கத்தியத் தொட்டே? யாரு குடுத்தாங்க?”

“சொல்லக்கூடாதும்மா.”

“என் கல்யாணம் நின்னு போவுது.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சும் வாயில இன்னாத்த வெச்சிக்கினு இருக்கே?”

எழுந்து காம்பவுண்டைச் சுற்ற ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே சுற்றிக்கொண்டு திட்டினேன். கிணற்றடி, மாமர மேடு, கேட்டு, மறுபடி கிணற்றடி. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். அடுப்பில் வைத்ததைக் கருகவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தப்பே செய்யாத பிள்ளையை பெஞ்சுமேல் ஏற்றினேன். வியாழக்கிழமை பிரகாசம் கேட்டுவரை வந்து, உள்ளே வராமல், “அம்மா செங்கல்பட்டுக்குக் கடுதாசி போட்டாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை கங்கம்மா வந்தாள். நான் அவளைக் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை.

“நான் இன்னாம்மா தப்பா சொன்னேன்?” என்றாள். “ராசா கணக்கா நின்னாரு. அதத்தான் சொன்னேன்.”

“உன் வாய்ல மண்ணு” என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை லாட்ஜ் கூட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகள் வந்தன, எல்லோரும் உள்ளே போனார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கிணற்று மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். இருபது வருஷம் அந்தக் காம்பவுண்டில் வளர்ந்தும் ஒருநாள்கூட நான் கூட்டநேரத்தில் எட்டிப் பார்த்ததில்லை. அப்பா கூடாது என்றிருந்தார். அன்றைக்கு எனக்கு எந்தக் கூடாதும் காதில் ஏறவில்லை.

ஜமேதார் கத்தியோடு விறைப்பாக நின்றார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். மறுபடி மாறினார். தொண்டையைச் செருமினார். வராந்தாக் கோடியில் விளக்குத் திரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பா உடனே ஓடிவந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி கை மாறியது. ஜமேதார், அந்த ஆறடி மனுஷர், ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கக்கூசுக்கு ஓடினார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அரைமணிக்கு ஒருதரம் மூத்திரம் வந்துவிடும். மூன்று மணி நேரம் அடக்கி நிற்க முடியாது.

இதற்குத்தானா? இதற்காகவா என் ஓலை நின்றது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ஆத்திரம் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. அவர் திரும்பி வருகிற வழியில் குறுக்கே போய் நின்றேன்.

“ஜமேதார் பாய், உங்களால என் கல்யாணம் நின்னுபோச்சு. தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியாது. அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டும் நேரம், அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“யா அல்லா” என்றார். “பவுல்சாமி என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே பேட்டி, என் மகளே. ஒரு வருஷமா அவன்தான் என் மானத்தக் காப்பாத்திக்கிட்டு வர்றான். நாளைக்குக் காலையில தொழுகை முடிச்சிட்டு நேரா உங்க கோயிலுக்கு வரேன். சாமியார்கிட்ட நானே சொல்றேன். அப்படியே வக்கீல் ஐயாகிட்டவும் சொல்லிடறேன்.”

“சொன்னா உங்க வேலை?”

“போவட்டும்” என்றார். அந்த ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

வராந்தாவுக்குப் போய்க் கத்தியை வாங்கிக்கொண்டு அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்ததில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில், “உன்னை யாரு கேக்கச் சொன்னது?” என்றார்.

“என் கல்யாணம் நைனா.”

“உனக்குப் பிரகாசம் இருக்கான், பள்ளிக்கூடம் இருக்கு, நான் இருக்கேன். அந்த மனுஷனுக்கு மாசத்துல மூணு மணி நேரம் இருக்கு. அதையும் புடுங்கிக்கணுமா?”

“அப்ப நான் செங்கல்பட்டுக்காரிக்கு வழிவிட்டு நிக்கணுமா?”

“நிக்கவேணாம்” என்றார். “உன் கல்யாணம் நடக்கும். போய்ப் படு.”

நான் நம்பவில்லை. ஆனால் வாரம் முழுக்கத் தூங்காத அலுப்பில் படுத்தவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டேன். கண் விழித்தால் அப்பா இல்லை. எப்போதும் ஏழுமணிப் பாடற்பூசைக்குத்தான் போவார். அன்று ஐந்தரைமணி முதல் பூசைக்கே போய்விட்டிருந்தார். விஷயம் புரிந்ததும் தலைகூட வாராமல் ஓடினேன்.

நான் உள்ளே நுழையும்போது அவர் கிராதியண்டை முழந்தாளில் இருந்தார். கையில் மெழுகுவத்தி. இஞ்ஞாசி சாமியார் சொல்லிக்கொடுக்க, அப்பா திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் சேராத ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்ததற்காக மனஸ்தாபப்படுவதாகவும், அதை விட்டுவிட்டதாகவும், அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்றும் சொன்னார். முதல் பூசைக்கு வருகிற மீன்காரர்களும் சமையல்காரர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை நேரம் அவர் அசையாமல் முழந்தாளில் இருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அவர் எழுந்ததும் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். என் பெயர் என் காதில் விழுந்தது. எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

வெளியே வந்தால் வேர்த்து விறுவிறுத்து ஜமேதார் கேட்டுக்குள் நுழைகிறார். மீர்சாகிப்பேட்டையிலிருந்து நடையாய் வந்திருந்தார்.

“ஆச்சு ஜமேதார்” என்றார் அப்பா. “நீங்க போய் டீத்தண்ணி குடிங்க.”

“என்ன காரியம் பண்ணிட்டே பவுல்சாமி.”

“ஒண்ணும் பண்ணல. ஓலை வாசிச்சாச்சு. அடுத்த திங்கட்கிழமை கல்யாணம். நீங்க வரணும். நீங்க இப்ப யாருகிட்ட போய்ச் சொன்னாலும் நான் கோயில்ல பொய் சொன்னவன் ஆயிடுவேன். புரியுதா?”

ஜமேதாரின் வாய் அதோடு கட்டப்பட்டது. அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் கேட்டேன், “பீடத்துக்கு முன்னால பொய் சொன்னியே நைனா.”

“அத நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிறேன்” என்றார். கடைசிவரைக்கும் பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு கோயிலில் அவர் முன்பெஞ்சுக்கு வரவே இல்லை. வாசலோரக் கடைசி பெஞ்சுதான்.

லாட்ஜை அன்றே விட்டாகவேண்டும். வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னபிறகு மிதிக்கக்கூடாது என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று, வக்கீலுக்கு ஆளனுப்பினார். சந்திரமௌலி ஐயர் வந்தார். அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“ஏண்டா பவுல்சாமி, நீ எப்போடா எங்க மெம்பர் ஆனே? நான் ஆத்துல தூங்கிண்டிருக்கச்சே ஆயிட்டியா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “இல்லாததை ஏண்டா இருக்குண்டு சொல்லித் தொலைச்சே? எங்க பேரு என்னத்துக்கு ஆறது?”

“மன்னிச்சிக்குங்க ஐயா.”

“காரணமாவது சொல்லு.”

அப்பா பதினெட்டுச் சாவி கோத்த வளையத்தை நீட்டினார். ஐயர் எண்ணாமலே வாங்கிக்கொண்டார். பிறகு போய்விட்டார். மந்தைவெளியில் ஒற்றை அறை பிடித்தோம். சுற்றிவர அங்கே காம்பவுண்டு கிடையாது. அப்பா தெருவைச் சுற்ற ஆரம்பித்தார்.

கல்யாணம் நடந்தது. திங்கட்கிழமைக் காலை, ஜோடித்த கோயில், பாட்டு, எல்லாம். ஜமேதார் வந்திருந்தார். பட்டாளத்து உடுப்பு, நெஞ்சில் மெடல். கோயிலுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போகும்போது சலாம் வைத்தார். பூசை, பாட்டு, பிரசங்கம், ரிஜிஸ்தரில் கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒன்றேமுக்கால் மணி நேரம். நாங்கள் மாலையோடு வெளியே வருகிற நேரம் பார்த்து, வாசல்படியோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த கங்கம்மா எழுந்தாள். மீன் கழுவும் தண்ணீர்ச் சட்டியை அப்படியே ஜமேதார்மேல் கொட்டிவிட்டாள். இடுப்பிலிருந்து பூட்ஸ்வரைக்கும் தொப்பலாக நனைந்து, செதிலும் நாற்றமுமாக நின்றார் மனுஷர்.

“கை தவறிப்போச்சு பாய்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாலையும் கழுத்துமாக நின்றபடி அவளைத் திட்டித் தீர்த்தேன். கண் தெரியவில்லையா, ஒரு பெரிய மனுஷன் என் கல்யாணத்துக்கு வந்தால் இப்படியா, நீ வாயைத் திறந்தும் கெடுத்தாய், கையாலும் கெடுத்தாய் என்று. பிரகாசத்தின் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். ஜமேதார் யாரையும் பார்க்காமல், “பரவாயில்ல, பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே வேகமாகக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு இருக்கவில்லை.

மார்ச் கூட்டத்தோடு அவர் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அப்பா யாருக்காக வேலையை விட்டாரோ அவரும் விட்டுவிட்டார். எனக்கு அது ஆறவே இல்லை. அப்பாவிடம் சொன்னபோது, “அவர் பிரியம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கப் போனார். 1934-ல் ஜமேதார் மௌத்தானார். அடுத்த வருஷம் அப்பா. பங்குக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், அந்த மட்டும் இஞ்ஞாசி சாமியாருக்கு நன்றி. ஆனால் ஊருக்கு இன்னமும் அவர் தலைவெட்டிக் கோயிலிலிருந்து மனம் திரும்பியவர்.

இவ்வளவுதான் எழுத இருந்தேன். நேற்றுக் காலை கங்கம்மா சங்கரா மீன் கொண்டுவந்தாள். அஞ்சு வருஷமாக எங்களுக்குள் பேச்சு ஒழுங்காக இல்லை, மீன் மட்டும் வாங்குவேன். அவள் வாசலில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தாள். ஆத்திரம் அடங்காமல் நான் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

“கேட்டியா கங்கம்மா. ஜமேதார் ஒரு கணமும் கதவ விட்டு விலகாதவராம். அரைமணிக்கு ஒருவாட்டி ஓடுவாரு. இந்தப் பொய்யில என் நைனா பேரே அழிஞ்சுபோச்சு.”

அவள் கையில் மீன்கத்தி நின்றது.

“அது பொய்யின்றியா?” என்றாள். “உன் கண்ணாலத்தன்னிக்கு நீ உள்ள இருந்தே. நான் வாசப்படில இருந்தேன். மணி அடிச்சதுலேந்து நீ வெளிய வர்ற வரிக்கும் அந்தாளு நவுரவே இல்ல. கையில கத்திதான் இல்ல, மத்தபடி லாட்ஜுல நிக்கிறா மாதிரியே வெறைப்பா நின்னுக்கினு இருந்தாரு. காலு நடுங்குது. மூஞ்சில வேர்த்து ஊத்துது. பின்னாடி மறைவு கீது, போய்வா பாய்னு நான் ரெண்டு வாட்டி சொன்னேன். ‘இன்னிக்குப் போவமாட்டேம்மா, இது பவுல்சாமி வூட்டுக் கதவு’ன்னாரு.”

நான் புத்தகத்தை மூடினேன்.

“கடசீல தாங்கல. நின்னபடியே போய்ட்டாரு. கால்சட்ட பூரா ஈரம். அப்பவும் நவுரல. உள்ள பாட்டு முடிஞ்சி நீங்கல்லாம் வர்ற சத்தம் கேக்குது. நான் இன்னா பண்ணுவேன்? கைல இருந்த தண்ணிய எட்த்து ஊத்திட்டேன்.”

“நான் திட்டினப்ப ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டா அப்புறம் தண்ணி ஊத்தனதுக்கு இன்னாம்மா அர்த்தம்?” என்றாள். “உங்க நைனா எதுக்கு வாய மூடிக்கினு இருந்தாருன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சிது. நீ மீன எட்த்துக்கோ, நேரமாவுது.”

மீனை வாங்கி உள்ளே வைத்தேன். பேனாவை எடுத்து, இருபத்தாறாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த ‘பொய்’யை அடித்தேன். பிறகு வாசலுக்கு வந்து, போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.